மார்ச்சில் 26 நிறைகிறது, அப்பாவின் இன்சூரன்ஸ் முடிகிறது: கோப்ராவா, சில்வரா, ப்ரான்ஸா?

கேட்பவர்: எடிசன்_ஓவியன்

மார்ச் 14 அன்று எனக்கு 26 வயது நிறைகிறது. அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் இருக்கிறேன். இதுவரை அப்பாவின் கம்பெனி ஹெல்த் இன்சூரன்ஸில்தான் இருக்கிறேன். மார்ச் 31 நள்ளிரவோடு என் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று போன வாரம் அவருடைய ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அதை அப்பா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். பால் எடுக்கும்போதெல்லாம் பார்க்கிறேன், கதவை மூடிவிட்டு மறந்துவிடுகிறேன்.

நான் தனியாக டிசைன் வேலை செய்கிறவன். எல்லாம் 1099 வருமானம், அதாவது சம்பளமாக இல்லாத சுயதொழில் வருமானம், இன்சூரன்ஸ் தரும் முதலாளி கிடையாது. போன வருடம் மொத்தம் சுமார் 36,000 டாலர் வந்தது. இந்த வருடமும் அவ்வளவுதான் வரும். ஆஸ்துமா உண்டு, தினமும் இரண்டு வேளை ஒரு இன்ஹேலர், அவசரத்துக்கு இன்னொன்று.

"கோப்ரா எடுத்துக்கொள், அதே டாக்டர், அதே கார்டு" என்கிறார் அம்மா. கோப்ரா என்றால் அதே கம்பெனி பாலிசியை நாமே பணம் கட்டித் தொடர்வது. அதற்கு மாதம் 780 டாலர் என்று கடிதத்தில் போட்டிருக்கிறது. நாமே தனியாக வாங்கும் பாலிசிகளில் ப்ரான்ஸ், சில்வர், கோல்டு என்று படிகள் உண்டாம், அதில் கீழ்ப்படியான ப்ரான்ஸ் போதும் என்கிறான் நண்பன். நடுவில் ஒருவர் போன் செய்து, மாதம் 89 டாலருக்கு முழு கவரேஜ், ஆனால் இன்றைக்கே கார்டு நம்பர் கொடுத்தால்தான் அந்த விலை என்றார். நான் அப்பா வீட்டிலேயே இருப்பதால் அவர் சம்பளத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள், பிரீமியத்தைக் குறைக்கும் அரசு மானியம் கிடைக்காது என்றும் அவரே சொன்னார். உண்மையா? எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1: கை_உடைந்த_அக்கா

தம்பி, முதலில் அந்த 89 டாலர்காரரின் நம்பரை பிளாக் செய். இன்றைக்கே, இப்போதே என்று யார் அவசரப்படுத்தினாலும் அது உனக்கான அவசரம் இல்லை. அவர்கள் விற்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுத்தால் இவ்வளவு என்று ஒரு சிறு தொகை தரும் பாலிசி. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு, அதாவது உன் ஆஸ்துமாவுக்கு, ஒன்றும் தரமாட்டேன் என்று அதில் எழுதிக்கொள்ளலாம். உண்மையான இன்சூரன்ஸில் 2014 முதல் அப்படி ஒதுக்க முடியாது. அதோடு நியூ ஜெர்சியில் முறையான கவரேஜ் இல்லாதவர்களுக்கு மாநில வரியில் அபராதம் உண்டு. இந்த மாதிரி பாலிசி அந்தக் கணக்கில் சேராது.

இப்போது என் கதை. மூன்று வருடம் முன்னால் ஜூனில் எனக்கு 26 ஆனது. டெக்சாஸில் இருந்த தோழிக்கு அந்த டிசம்பர் 31 வரை அம்மாவின் பாலிசி ஓடியது. எனக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். அவள் குடும்பம் ஹெல்த்கேர் டாட் கவ் என்ற மத்திய அரசின் இன்சூரன்ஸ் தளம் வழியாக வாங்கியது, அங்கே வருடக் கடைசி வரை விடுகிறார்கள். என் அப்பாவுடையது கம்பெனி பாலிசி. கம்பெனி பாலிசியில் பிறந்த நாளோடும் நிற்கலாம், அந்த மாதக் கடைசியிலும் நிற்கலாம். எனக்கு ஜூன் 30 அன்று நின்றது, எனக்கே தெரியாமல். ஜூலையில் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தது. பழைய கார்டைக் காட்டினேன், வாங்கிக்கொண்டார்கள். ஆகஸ்ட் 20 அன்று மருந்துக் கடைப் பெண் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே "உங்களுக்கு இன்சூரன்ஸ் இல்லையே" என்றாள். அடுத்த வாரம் எலும்பு பில் வந்தது: 3,400 டாலர். அடித்துப் பிடித்து செப்டம்பர் 1 முதல் புதுப் பாலிசி எடுத்தேன். அந்த 3,400-ஐத் தவணையில் கட்டி முடித்தது போன வருடம்தான்.

அதனால் உனக்கு நான் சொல்வது தேதி விஷயம் மட்டும். கவரேஜ் போவதற்கு 60 நாள் முன்னாலும், போன பின் 60 நாள் வரையும் நீ சேரலாம், எல்லோருக்கும் சேர்க்கை திறக்கும் நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம். எல்லோரும் பின்னால் இருக்கும் 60-ஐத்தான் நினைவு வைக்கிறார்கள். நீ முன்னால் இருப்பதைப் பயன்படுத்து. மார்ச் 31-க்குள் நியூ ஜெர்சி அரசின் இன்சூரன்ஸ் தளமான கெட் கவர்டு என்ஜேயில் பாலிசியைத் தேர்ந்தெடுத்தால் ஏப்ரல் 1 அன்றே தொடங்கிவிடும். ஏப்ரல் 5 அன்று தேர்ந்தெடுத்தால் மே 1 தான். ஃபிரிட்ஜில் இருக்கும் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே, கவரேஜ் முடிகிறது என்பதற்கு அதைத்தான் கேட்பார்கள்.

பதில் 2: எச்ஆர்_மாமா

இருபது வருடமாகக் கம்பெனிகளில் பெனிஃபிட்ஸ் பார்க்கிறேன்.

அப்பாவின் சம்பளம் பற்றி: மானியத்துக்குப் பார்ப்பது வரிக் குடும்பத்தை, ஒரே கூரையை அல்ல. நீங்கள் தனியாக வரி தாக்கல் செய்து, அப்பா தன் வரிக் கணக்கில் உங்களை டிபென்டன்ட், அதாவது தன்னைச் சார்ந்தவர், என்று காட்டாதவரை உங்கள் வருமானம் மட்டுமே கணக்கு. அதிலும் 36,000 அல்ல. கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர் சந்தா என்று தொழில் செலவைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் வருமானம். சுயதொழில் வரியில் பாதியும் அதிலிருந்து கழியும்.

இது ஏன் முக்கியம் என்றால், 2026 பாலிசிக்குத் தனியாளின் வறுமைக் கோடு 15,650 டாலர். அதன் இரண்டரை மடங்குக்குள், அதாவது 39,125-க்குள் இருந்தால் சில்வர் பாலிசியில் மட்டும் டிடக்டிபிளும் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நீங்கள் கட்டும் தொகை) கோபேயும் (ஒவ்வொரு முறையும் உங்கள் பங்கு) குறையும். இரண்டு மடங்கான 31,300-க்குள் வந்துவிட்டால் குறைப்பு மிகப் பெரிது, சில்வர் என்ற பெயரில் மேல்படியான கோல்டை விட நல்ல பாலிசி. உங்கள் செலவு 6,000 இருந்தாலே நீங்கள் அந்தக் கோட்டுக்குள் வந்துவிடுகிறீர்கள். ப்ரான்ஸ் எடுத்தால் இந்தச் சலுகையைக் கையால் தள்ளிவிட்ட மாதிரி. 30 வயதுக்குள் உள்ளவர்களுக்கான, பெரும் செலவு வந்தால் மட்டும் கைகொடுக்கும் கடாஸ்ட்ரோஃபிக் பாலிசியும் கண்ணில் படும். அதற்கு மானியமே செல்லாது.

ஆனால் வருமானத்தை வேண்டுமென்றே குறைத்துக் காட்டாதீர்கள். 2026 முதல், கூடுதலாக வாங்கிய மானியம் முழுவதையும் வரி நேரத்தில் திருப்பிக் கட்ட வேண்டும், முன்பு இருந்த உச்சவரம்பு இப்போது இல்லை. நடுவில் பெரிய வேலை கிடைத்தால் உடனே தளத்தில் வருமானத்தைத் திருத்துங்கள். 2021-இல் வந்த கூடுதல் மானியம் 2025-ஓடு முடிந்தது. பழைய பதிவுகளில் நண்பர்கள் எழுதிய பிரீமியத் தொகையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கோப்ரா: பெயர் பாம்பு, கடிப்பது பணப்பையை. இதுவரை முதலாளி கட்டிய பங்கும் சேர்த்து முழு பிரீமியத்தில் 102 சதவீதம் வரை வாங்கலாம். பிள்ளைக்கு 36 மாதம் வரை கிடைக்கும். அதற்கு ஒரு நல்ல குணமும் உண்டு. முடிவெடுக்க 60 நாள் தருவார்கள், கடைசியில் எடுத்தாலும் கவரேஜ் நின்ற நாளிலிருந்தே செல்லும், விட்டுப்போன மாதங்களுக்குப் பணம் கட்டினால் போதும். மேலே எழுதிய கை உடைந்த அக்கா ஆகஸ்ட் 20 அன்று ஜூன் 30-இலிருந்து 51-ஆவது நாளில்தான் இருந்தார். அன்றே அப்பாவின் ஆபீஸுக்குத் தகவல் சொல்லியிருந்தால் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாத கோப்ராவைக் கட்டி, எலும்பு பில்லை அதன் தலையில் போட்டிருக்கலாம்.

இன்னொன்று, நியூ ஜெர்சிக்கு மட்டும்: திருமணமாகாத, குழந்தை இல்லாத பிள்ளைகள் 31 வயது வரை பணம் கட்டி அப்பாவின் பாலிசியில் தொடர ஒரு மாநிலச் சட்டம் இருக்கிறது. கம்பெனி தன் பணத்திலேயே கிளெய்ம் கொடுக்கும் வகையாக இருந்தால் அது செல்லாது. பெரிய கம்பெனிகள் பல அந்த வகை. அப்பாவை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "நம்முடையது செல்ஃப் ஃபண்டடா?"

கை_உடைந்த_அக்கா

மாமா, மூன்று வருடம் கழித்து இதைப் படிக்கிறேன். அழுவதா சிரிப்பதா? என் அப்பாவுக்கு இதைக் காட்டப் போவதில்லை.

பதில் 3: மாத்திரை_எண்ணுபவள்

மருந்துக் கடையில் வேலை. ஓவியன், பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு பாலிசியின் மருந்துப் பட்டியலையும் திறந்து உங்கள் இன்ஹேலரின் பெயரைத் தேடுங்கள். "ஆஸ்துமா மருந்து உண்டு" என்பது பதில் அல்ல. ஒரே மருந்து ஒரு கம்பெனியில் கோபே குறைவான இரண்டாம் அடுக்கில் இருக்கும், இன்னொன்றில் பட்டியலிலேயே இருக்காது. டாக்டரையும் அப்படியே, அவருடைய கிளினிக்குக்கே போன் செய்து பாலிசியின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "அந்தக் கம்பெனி இன்சூரன்ஸ் எடுப்போம்" என்று பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள், ஒரே கம்பெனிக்குப் பல நெட்வொர்க், அதாவது பல டாக்டர் பட்டியல்கள், இருக்கும். அப்புறம், மார்ச் கடைசி வாரத்தில் பழைய கார்டிலேயே ஒரு முறை மருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எடிசன்_ஓவியன்

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுடையது செல்ஃப் ஃபண்டட், அதனால் 31 வயது வழி இல்லை. செலவெல்லாம் கழித்துப் பார்த்தால் எனக்கு மிஞ்சுவது 28,000 பக்கம். என் டாக்டர் இருக்கும் சில்வர் ஒன்றை எடுத்துவிட்டேன். ப்ரான்ஸை விட மாதம் கொஞ்சம் கூட, ஆனால் டிடக்டிபிளைப் பார்த்ததும் அம்மா கோப்ரா பேச்சை விட்டுவிட்டார். தினசரி இன்ஹேலர் மட்டும் வேறு பெயருக்கு மாற வேண்டும், டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

கடிதத்தை ஸ்கேன் செய்து ஏற்றினேன், மூலையில் பால் கறையோடு. ஏற்றுக்கொண்டார்கள். முதல் பிரீமியம் கட்டினால்தான் பாலிசி உயிர் பெறும் என்று இருந்தது, நேற்று கட்டிவிட்டேன். ஆட்டோ பே போடலாமா, அல்லது மாதா மாதம் நானே கட்டலாமா என்று இப்போது வீட்டில் சண்டை.