நேரில் பார்க்காத இண்டி ராக் குழுவை எடைபோடலாமா?

முன்வரிசை:
ஆல்பத்தை மட்டும் கேட்டுவிட்டு ஓர் இண்டி ராக் குழுவை, அதாவது பெரிய இசை நிறுவனங்களின் பாணியைச் சாராமல் தன் போக்கில் வாசிக்கும் ராக் குழுவை, எடைபோடக் கூடாது. நேரில் பார்க்க வேண்டும், அதுவும் சின்ன அரங்கில். இதுதான் என் கட்சி. பிளாக் கன்ட்ரி, நியூ ரோடு குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் இரண்டாவது ஆல்பம் வெளிவர நாலே நாள் இருக்கையில் பாடகர் ஐசக் வுட் விலகிவிட்டார். மற்றவர்கள் அவர் பாடிய பாட்டுகளை மேடையில் தொடுவதில்லை என்று முடிவெடுத்து, முழுக்கப் புதுப் பாட்டுகளோடு மேடையேறினார்கள். 2023இல் அவை வெளிவந்ததும் ஸ்டுடியோவிலிருந்து அல்ல, லண்டன் புஷ் ஹால் கச்சேரிப் பதிவாக. மேடையை விட்டுவிட்டு இந்தக் குழுவை எப்படிப் புரிந்துகொள்வது?

இப்போது எனக்குப் பிடித்த குழுக்கள் பிக் தீஃப், கீஸ், ஃபொன்டெய்ன்ஸ் டி.சி. உங்களுடையதையும் சொல்லுங்கள்.

ஹெட்போன்வாசி:
உங்கள் உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. அந்தப் புஷ் ஹால் பாட்டுகள் என் காதுக்கு வந்தது பதிவாகத்தானே? கச்சேரிக்குப் போக வாய்ப்பே இல்லாத ரசிகர் சொல்லும் தீர்ப்பு செல்லாதா? அப்புறம், சில இசை ஸ்டுடியோவிலேயே பிறந்தது. மை பிளடி வாலன்டைன் குழு ‘லவ்லெஸ்’ ஆல்பத்தை 1989இல் தொடங்கி 1991 வரை, ஸ்டுடியோ மாற்றி ஸ்டுடியோவாகப் பதிவு செய்தார்கள். கிட்டார் எங்கே முடிகிறது, குரல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அந்த மயக்கம் ஹெட்போனில் முழுசாகக் கிடைக்கிறது. அவர்கள் கச்சேரியிலோ, சத்தம் தாங்க முடியாமல் போகும் என்று காதடைப்பான் கொடுக்கிறார்கள்.

சவுண்ட்மேசை:
முன்வரிசை நண்பரே, மேடைக்கு நேர் முன்னால் நின்றால் பாதிப் பாட்டுதான் கேட்கும். சின்ன அரங்கில் கிட்டாரும் டிரம்ஸும் மேடையிலிருந்தே நேராக முகத்தில் அடிக்கும். குரல் வருவது இரண்டு ஓரத்து ஸ்பீக்கர்களிலிருந்து. அது உங்களைத் தாண்டிப் பின்னால் போய்விடும். பாடகர் முணுமுணுக்கிறார் என்று பலர் குறை சொல்வது இதனால்தான். மிக்ஸிங் செய்பவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள், அவர் தன் காதுக்கு ஏற்றபடிதான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். காதடைப்பானை மட்டும் மறக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் அரங்குகளுக்குப் பரிந்துரைத்த உச்ச வரம்பு, 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல்.

முன்வரிசை:
குரல் குறைவாகக் கேட்கும், சரி. அதற்காக இடம் மாற மாட்டேன். பேஸ் கிட்டார் வாசிப்பவர் டிரம்மரை ஒரு பார்வை பார்ப்பார், அடுத்த நொடி பாட்டின் வேகமே மாறும். முன்னால் நின்றால்தான் அது கண்ணில் படும்.

பிக் தீஃப் விஷயத்துக்கு வருகிறேன். ‘வாம்பயர் எம்பயர்’ பாட்டை ஸ்டுடியோ வடிவம் வருவதற்கு முன்பே மேடையிலும் டிவியிலும் பாடிவிட்டார்கள். 2023 ஜூலையில் ஸ்டுடியோ வடிவம் வந்ததும், அந்த வெறி இதில் இல்லை என்று ரசிகர்கள் பலர் குறைபட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம் என்றே நினைக்கிறேன்.

ஹெட்போன்வாசி:
அவர்களில் எத்தனை பேர் கச்சேரியில் நின்றவர்கள்? வீடியோவில் பார்த்து மயங்கியவர்கள் ஏராளம். முதலில் காதில் விழுந்த வடிவம் மனசில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

மேடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஃபுகாஸி குழு தங்கள் கச்சேரிகளைத் தாங்களே பதிவு செய்து வைத்து, 2011 முதல் நூற்றுக்கணக்கில் இணையத்தில் போட்டார்கள். ஒரே பாட்டை வேறு வேறு இரவுகளில் வாசித்ததை அடுத்தடுத்துக் கேட்கலாம். நேரில் போனவருக்குக் கிடைப்பது ஒரு இரவு.

எனக்குப் பிடித்த குழுக்கள்: பீட்டர் கேட் ரெக்கார்டிங் கம்பெனி, அதுவும் 2024இல் வந்த ‘பீட்டா’ ஆல்பம், வெட் லெக், எப்போதும் யோ லா டெங்கோ.

முன்வரிசை:
யோ லா டெங்கோவா! 1984இலிருந்து வாசிக்கும் குழு. காதோடு பேசுவதுபோல ஒரு பாட்டுப் பாடிவிட்டு, அடுத்ததில் கிட்டாரை நிமிஷக்கணக்கில் அலறவிடுவார்கள். இவர்களை மட்டுமாவது நேரில் பாருங்கள். அப்புறம் வாதாடலாம்.