எந்த ஜிபிஎஸ்ஸைப் பெட்டியில் வைப்பது?

குழு: பெரிய வீடு, நாகர்கோவில்

சனி, இரவு

ஜெனித்: எல்லோருக்கும் வணக்கம். டென்வரில் இப்போது காலை. டிக்கெட் போட்டாயிற்று, ஜனவரியில் திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். அகத்தியர்கூடம் போகிற திட்டம் மாறவில்லையே ரெக்ஸ்?

ரெக்ஸ்: மாறவில்லை அண்ணா. கேரள வனத்துறை முன்பதிவைத் திறந்ததும் போட்டுவிடுவேன். போனக்காட்டில் தொடங்கி, அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் உச்சி. 1,868 மீட்டர்.

அனிஷா: என் பெயரையும் சேர். 2019லிருந்து பெண்களும் போகலாம். போன முறை மாதிரி "மறந்துட்டேன்" கதையெல்லாம் வேண்டாம்.

ஜெனித்: நான் இங்கே மலைக்கு எடுத்துப் போகிற கார்மின் 67ஐ (67i) ஜிபிஎஸ் கருவியையும் கொண்டு வருகிறேன். செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலும் அதில் செய்தி அனுப்பலாம், ஆபத்தில் உதவி கேட்கிற எஸ்ஓஎஸ் பொத்தான் இருக்கிறது. அம்மா நிம்மதியாக இருக்கலாம்.

லீலா: நல்லது மக்களே. காட்டுக்குள் ஃபோன் எடுக்காது என்று அனிஷா சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

ரெக்ஸ்: பெரியம்மா, மன்னிக்கணும். அண்ணா, அதை மட்டும் கொண்டு வராதே. பெயரின் கடைசியில் இருக்கிற அந்த "ஐ"தான் வம்பு. அது வெறும் ஜிபிஎஸ் இல்லை. உள்ளே இன்ரீச் இருக்கிறது, இரிடியம் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம்.

ஜெனித்: உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றுக்கா?

ரெக்ஸ்: அதைவிடச் சின்னதுக்கே பிடித்திருக்கிறார்கள். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் ஒரு கனடாப் பெண்ணை இன்ரீச் வைத்திருந்ததற்காகப் பிடித்தார்கள். மலைப்பாதைகளில் ஓடுகிறவர், பாதுகாப்புக்காக வைத்திருந்தார். நீதிமன்றம், அபராதம் வரை போயிற்று.

ஷீலா: மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு வந்த கெடுபிடி இது. 2008ல் கடல் வழியாக வந்தவர்கள் கையடக்க ஜிபிஎஸ்ஸும் சாட்டிலைட் ஃபோனும் வைத்திருந்தார்கள். அரசாங்கம் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது, ஆனால் மலையேறுகிறவன் பாடு திண்டாட்டம்தான்.

ஜெனித்: இப்போதுதான் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயண அறிவிப்பைத் தேடிப் பார்த்தேன். 2025 ஜூனில் போட்டது. சாட்டிலைட் ஃபோன் மட்டுமல்ல, "ஜிபிஎஸ் கருவி"யும் இந்தியாவில் சட்டவிரோதம், 2 லட்சம் டாலர் அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை என்று எழுதியிருக்கிறார்கள்!

லீலா: மாதாவே! ஒன்றும் வேண்டாம். நீ வெறும் கையோடு வா.

சேவியர்: அக்கா, பதறாதே. ஜிபிஎஸ் வைத்திருப்பது குற்றம் என்றால் சின்னமுட்டம் துறைமுகத்தில் ஒரு போட்டுகூட கடலுக்குப் போக முடியாது. எல்லாரையும் தூக்கி உள்ளே வைக்கணும்.

ரெக்ஸ்: மாமா சொல்வது சரி. வனத்துறைக்காரர்களே கார்மினைக் கையில் வைத்துக்கொண்டுதான் கணக்கெடுப்புக்குப் போகிறார்கள். செய்தி அனுப்புகிற கருவி, அனுப்பாத கருவி இரண்டையும் அமெரிக்க அறிவிப்பு ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. ஆனால் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கிறவர் எந்த மாடல் அனுப்பும், எந்த மாடல் அனுப்பாது என்று உட்கார்ந்து ஆராய மாட்டார். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

லீலா: எனக்கு ஒன்று புரியவில்லை. அனுப்பாத ஜிபிஎஸ் என்றால் சாட்டிலைட்டுக்கு இவன் இருக்கிற இடம் எப்படித் தெரியும்?

ஷீலா: தெரியாது அக்கா. தெரியவும் வேண்டாம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள் "நான் இங்கே இருக்கிறேன், மணி இத்தனை" என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். ரேடியோவில் செய்தி கேட்கிற மாதிரிதான், கேட்கிற நம்மை வாசிக்கிறவருக்குத் தெரியாது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குரல் கிடைத்தால், எந்தக் குரல் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்துக் கருவி தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

லீலா: அப்படியானால் இவன் தொலைந்தாலும் நமக்குத் தெரியாது.

ஷீலா: தெரியாதுதான். ஆனால் அவனுக்குத் தெரியும். 

ரெக்ஸ்: பெரியம்மா, அகத்தியர்கூடத்துக்கு வனத்துறை வழிகாட்டி இல்லாமல் விட மாட்டார்கள். தொலைவதற்கு வாய்ப்பே இல்லை. 

அனிஷா: பிறகு எதற்கு ஜிபிஎஸ்? ஃபோனிலேயே அதே வேலை நடக்கிறதே. வரைபடத்தை முன்பே இறக்கிவைத்தால் சிக்னல் இல்லாமலும் புள்ளி நகருகிறது.

ஜெனித்: நகரும். நல்ல ஃபோன் என்றால் இடத்தைத் துல்லியமாகவும் காட்டும், அதில் சண்டையே இல்லை. இங்கே 4,000 மீட்டருக்கு மேல் பனிக்காலத்தில் ஏறிப் பார், அப்போது தெரியும். குளிரில் ஃபோன் 40 சதவீதத்திலிருந்து திடீரென்று அணைந்துவிடும். கையுறையோடு திரையைத் தொட்டால் வேலை செய்யாது. கையடக்க ஜிபிஎஸ்ஸில் பொத்தான். ஏஏ பேட்டரி போடுகிற மாடல் என்றால், தீர்ந்ததும் இரண்டை மாற்றிப் போட்டு நடந்துகொண்டே இருக்கலாம். வெயில் அடிக்க அடிக்கத் திரை இன்னும் தெளிவாகத் தெரியும், ஃபோனுக்கு நேர் எதிர்.

சேவியர்: உப்புத் தண்ணீர்க் கையோடு டச் ஃபோனைத் தடவிப் பார்த்திருக்கிறாயா அனிஷா? என்னுடையது கார்மின் 78எஸ். கடலில் விழுந்தால் மிதக்கும். உன் ஃபோன் மிதக்குமா?

அனிஷா: அப்பா, உங்கள் ஜிபிஎஸ்ஸைத் தொடவே விட மாட்டீர்களே. அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

சேவியர்: பார், அதாவது கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத் திட்டு, எல்லாம் அதில்தான் இருக்கிறது. எந்தப் பார் எங்கே, எந்த மாதத்தில் எந்தப் பாரில் மீன் நிற்கும், எல்லாம் பாயிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் தாத்தா காலத்தில் கரையில் கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் மலை முகடும் ஒரே கோட்டில் வரணும், இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளம் ஒன்று சேரணும், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில்தான் பார். மூடாப்பு போட்டு மலை மறைந்தால் அன்றைக்கு அந்தப் பார் இல்லை. இப்போது மலை தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன.

ரெக்ஸ்: மாமா, பாயிண்ட்டை யாருக்காவது கொடுத்ததுண்டா?

சேவியர்: ஒருமுறை ஒருத்தனுக்குக் கொடுத்தேன். மறுவாரம் அந்தப் பாரில் ஏழு போட்டு நின்றது. அதோடு சரி.

ஷீலா: அன்றைக்கு உன் மருமகனுக்கு ஃபோனில் ஓர் இடத்தை அனுப்பிக் குழம்பியதையும் சொல்லு தம்பி. 

சேவியர்: சின்னக்கா, அது அவன் குழப்பினது.

ஷீலா: யார் குழப்பினால் என்ன, பிள்ளைகளுக்குப் பயன்படும், சொல்கிறேன். படகு ஜிபிஎஸ்ஸில் டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்று காட்டும். உதாரணமாக 8 டிகிரி 05.250 நிமிடம். ஃபோன் வரைபடம் பெரும்பாலும் தசம டிகிரி கேட்கும். அதை அப்படியே 8.05250 என்று தட்டினால் போச்சு. 5.250ஐ 60ஆல் வகுக்கணும், சரியான எண் 8.0875. வித்தியாசம் பார்க்கச் சின்னது. ஆனால் அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். இங்கே தப்புவது 2.1 நிமிடம். கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் தெற்கே தள்ளிவிடும். கன்னியாகுமரிக் கரையில் நிற்கவேண்டியவன் நடுக்கடலில் நிற்பான்.

ஜெனித்: சித்தி, இங்கே மீட்புக் குழுக்காரர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். இடத்தைச் சொல்லும்போது எந்த வடிவத்தில் சொல்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள் என்று.

ரெக்ஸ்: சரி, முடிவுக்கு வருவோம். என்னிடம் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் இருக்கிறது. இந்தியாவில் வாங்கியது, பில்லும் உண்டு. செய்தி அனுப்பாது, கேட்க மட்டும்தான் செய்யும். இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் வரை ஓடும் என்கிறார்கள். அண்ணா உன்னுடையது டென்வரிலேயே இருக்கட்டும்.

ஜெனித்: சரி, விட்டுவிட்டு வருகிறேன். 22எக்ஸில் திசைகாட்டி கிடையாதே?

ரெக்ஸ்: தனியாகக் கிடையாது. நின்ற இடத்தில் நின்றுகொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தால் அம்பு உளறும். நாலு எட்டு நடந்தால்தான் எந்தப் பக்கம் போகிறோம் என்று அதற்கே புரியும். அதனால் சாதாரணக் காந்தத் திசைகாட்டி ஒன்றும் பையில் இருக்கும்.

சேவியர்: பெரிய விஷயம், கடலில் அம்பு காட்டுகிற பக்கம் நேராக விடலாம். இடையில் ஒன்றும் இல்லை. மலையில் அந்த அம்பை நம்பி நேரே நடந்தால் பள்ளத்தில் போய் நிற்பீர்கள்.

ஜெனித்: அதேதான் மாமா. அதற்குத்தான் கிளம்பும்போதே டிராக்கை ஓடவிட வேண்டும். வந்த தடம் முழுக்கப் பதிவாகும், திரும்பும்போது அந்தக் கோட்டின் மேலேயே நடந்து வரலாம். இன்னொன்று ரெக்ஸ், போனக்காட்டில் காட்டுக்குள் நுழைவதற்கு முன்பே வெட்டவெளியில் வைத்து உயிரூட்டிவிடு. நீ பெங்களூரில் அணைத்தது கேரளத்தில் விழிக்கும்போது செயற்கைக்கோள்களைப் புதிதாகத் தேடும். மரங்களுக்கு அடியில் அந்தத் தேடல் லேசில் முடியாது.

ரெக்ஸ்: அங்கே காடு அடர்த்திதான். ஈர இலை சிக்னலைக் குடித்துவிடும். உச்சிக்குக் கீழே பாறைச் சரிவில் சிக்னல் மோதித் திரும்பி வரும், தடம் பதிவில் நாம் குதித்துக் குதித்துப் போன மாதிரி இருக்கும்.

அனிஷா: அத்தான், உங்கள் மகள் ஏதோ புதையல் தேடுகிற படம் போட்டிருந்தாளே, அதுவும் இதில்தானா?

ஜெனித்: ஜியோகேஷிங். யாரோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து இடத்தின் எண்களை மட்டும் இணையத்தில் போடுவார்கள், நாம் போய்த் தேடி எடுத்துப் பெயர் எழுதிவிட்டு அங்கேயே வைக்க வேண்டும். 2000 மே தொடக்கம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே கலங்கலாக்கி வைத்திருந்தது, நூறு மீட்டர் வரை தப்பும். அதை நிறுத்தியதற்கு மறுநாளே, மே 3ஆம் தேதி, ஓரிகனில் ஒருவர் காட்டில் ஒரு வாளியைப் புதைத்து எண்களை வெளியிட்டார். அப்படி ஆரம்பித்த விளையாட்டு.

அனிஷா: அதிருமலையில் ஒன்று வைப்போமா?

ரெக்ஸ்: காட்டுக்குள் எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது. வழிகாட்டி நம்மை அங்கேயே விட்டுவிடுவார்.

லீலா: இதெல்லாம் இருக்கட்டும். எஸ்ஓஎஸ் இல்லாமல் எனக்கு எப்படித் தெரியும் நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள் என்று?

ஷீலா: அக்கா, முகாமில் என்ன தொடர்பு வசதி உண்டு என்று வனத்துறை அலுவலகத்தில் நான் நாளைக்கே கேட்கிறேன். இறங்கி வரவேண்டிய நேரத்தை எழுதி நம் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும். அந்த நேரம் தாண்டி இரண்டு மணி நேரமாகியும் ஃபோன் வராவிட்டால் நாமே அலுவலகத்தைக் கூப்பிடலாம்.

லீலா: சரி. அந்த நேரத்தை ரெக்ஸ் எழுத வேண்டாம், அனிஷா எழுதட்டும்.

சேவியர்: என் 78எஸ்ஸையும் தருகிறேன், ஒன்று பழுதானால் இன்னொன்று. ஆனால் பாயிண்ட்டை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றி, கருவியில் அழித்துவிட்டுத்தான் தருவேன். அனிஷா, அந்தக் கம்ப்யூட்டருக்குப் புது பாஸ்வேர்டு போடணும், எப்படி என்று சொல்லிக்கொடு. சொல்லிக்கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடு.

அனிஷா: ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வருகிறேன் அப்பா.

ஜெனித்: மாமாவுக்கு இங்கிருந்து ஏதாவது வேண்டுமா?

சேவியர்: ரீசார்ஜ் ஏஏ பேட்டரி நல்லதாக எட்டு. சார்ஜரும். கைப்பையில் வை, பெட்டியில் போடாதே.