பாசி செல் பிரியாமல் நீண்டுகொண்டே போகிறது, உதவி தேவை

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிறேன். குறுவை வயலில் அப்பா நீலப்பச்சைப் பாசி உரம் போடுவதைப் பார்த்து வளர்ந்ததால் புராஜெக்டுக்கும் பாசியையே எடுத்தேன். அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி இழையாக வளரும் என்பதால், தனிச் செல்லாக வாழும் இன்னொரு வகையான சினெகோகாக்கஸ் இலாங்கேட்டஸைப் பிஜி-11 என்ற பாசி வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்து, சடுதிமாற்றத்துக்காகப் (மரபணுவில் மாற்றம் உண்டாக்க) புற ஊதா ஒளி காட்டினேன்.

இப்போது ஒரே ஒரு காலனியில் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டத்தில்) செல்கள் பிரியவே இல்லை. அரிசிமணி மாதிரி குட்டையாக இருக்க வேண்டியவை, நாற்று வேர் போல நீண்டு வளைந்து கிடக்கின்றன, நடுவில் குறுக்குச் சுவர் ஒன்றுகூடத் தெரியவில்லை.

எஃப்டிஎஸ்-இசட் புரதம் நடுவில் வளையமாகக் கூடினால்தான் செல் இரண்டாகும். எஃப்டிஎன்2, எஃப்டிஎன்6 மரபணுக்களில் ஒன்று பழுதானாலும் சாகாமல் இப்படி நீளும் என்று 2002-இல் வந்த ஆய்வில் படித்தேன். (எஃப்டிஎன்2-க்கு உறவான ஏஆர்சி6 மரபணு இல்லாவிட்டால் செடியில் பசுங்கணிகமும் சரியாகப் பிரியாது, படித்தபோது சிலிர்த்துவிட்டது!)

என் சந்தேகம் இதுதான். இங்கே அடிக்கடி கரண்ட் போய் விளக்கு அணைகிறது, அதனால் வந்த தற்காலிக நீட்சியா, உண்மையான சடுதிமாற்றமா என்று எப்படிப் பிரித்தறிவது? ஒரு செல்லில் குரோமோசோம் பல நகல்கள் இருப்பதால், மாற்றம் சில நகல்களில் மட்டும் இருக்கலாம்; எத்தனை முறை ஒற்றைக் காலனி எடுத்து வளர்த்தால் நம்பலாம்? அப்புறம், முதலில் எந்த மரபணுவை வரிசைப்படுத்துவது? தஞ்சாவூர், திருச்சியில் டி.என்.ஏ.வை ஒளிரவைக்கும் டாபி சாயமிட்டுப் பார்க்க ஒளிர் நுண்ணோக்கி இருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், மாதிரியை நானே கொண்டுவருகிறேன்.