வேலையில் இருந்துகொண்டே பிஎச்டி: சேருமுன் தெரிந்திருக்க வேண்டியவை

ஆய்வு மைய அலுவலர்:

முதல் கண்டம் என்.ஓ.சி.தான், அதாவது நீங்கள் வேலை செய்யும் இடம் தரும் ஆட்சேபணையின்மைச் சான்று. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறைப்படி பகுதிநேர மாணவரின் என்.ஓ.சி.யில் மூன்று விஷயங்கள் இருந்தாக வேண்டும். ஒன்று, பகுதிநேரமாகப் படிக்க அனுமதி. இரண்டு, அலுவல் போக ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்ற உறுதி. மூன்று, தேவைப்பட்டால் கோர்ஸ்வொர்க் (ஆய்வோடு சேர்த்துப் படித்துத் தேற வேண்டிய பாடங்கள்) முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்ற வரி. எச்.ஆர். தரும் கடிதம் பெரும்பாலும் 'ஆட்சேபணை இல்லை' என்பதோடு நின்றுவிடும். மூன்றாவது வரியை எழுத யாருக்கும் மனசு வராது. அப்படி வரும் கடிதம் திருப்பி அனுப்பப்படும், அதற்குள் கடைசித் தேதி போய்விடும். வாசகத்தை நீங்களே டைப் செய்துகொண்டு போய்க் கையெழுத்து மட்டும் கேளுங்கள். போடுபவருக்கு அந்த அதிகாரம் இருக்க வேண்டும். டீம் லீடர் கையெழுத்து எடுபடாது. அரசு ஊழியர்கள் சேர்க்கை அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுவது நல்லது, கோப்பு மேசை மேசையாக ஏறி இறங்க வேண்டும்.

முழுக்க ஆன்லைனிலோ தொலைநிலையிலோ பிஎச்டி என்று யாராவது விற்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். விதிமுறையில் அதற்கு இடமில்லை.

கைடாக இருப்பவர்:

எல்லோரும் டாபிக்கைப் பற்றிக் கேட்கிறார்கள், கைடு (நெறியாளர்) எப்போது ரிட்டயர் ஆகிறார் என்று கேட்பதில்லை. ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர் புது மாணவரை எடுக்க முடியாது. மூன்றரை ஆண்டு மீதமிருப்பவர் எடுக்கலாம். ஆனால் பகுதிநேரத்தில் அதற்குள் முடிப்பவர் அபூர்வம். ஓய்வுக்குப் பிறகு அவர் 70 வயதுவரை இணை நெறியாளராக மட்டுமே தொடரலாம், முதன்மை நெறியாளராக வேறொருவரைத் தேட வேண்டும். ஒரே சமயத்தில் பேராசிரியருக்கு 8 மாணவர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 என்று இடங்கள் அளவாகத்தான் இருக்கின்றன. காலியிடம் இருந்தாலும், பாதி வழியில் வரும் அடுத்தவரின் மாணவரை ஏற்க மனம் வேண்டுமே. 50 வயதுக்குள் இருக்கும் கைடு நடுவயது மாணவருக்குச் சௌகரியம், அவர் உங்களைவிட இளையவராகவே இருந்தாலும்.

காலக்கெடு சேர்ந்த நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். குறைந்தது 3, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் மேலும் 2, ஆக மொத்தம் 10. கோர்ஸ்வொர்க் குறைந்தது 12 கிரெடிட், 55 சதவீதம் எடுத்தாக வேண்டும். வகுப்பு வார நாளிலா சனிக்கிழமையிலா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், கட்டணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழு முன் நிற்க வேண்டும். சிலர் இதை டிசி (டாக்டரல் கமிட்டி) மீட்டிங் என்பார்கள். அதைத் தள்ளிப்போட ஆரம்பித்தவர்கள்தான் ஆறாவது ஆண்டில் மறுபதிவுப் படிவத்தோடு வந்து நிற்கிறார்கள்.

தொழில்துறை ஆய்வுப் பிரிவிலிருந்து:

என்.ஓ.சி. வாங்கிவிட்டால் கம்பெனி டேட்டாவைப் பயன்படுத்தலாம் என்று நினைப்பது தப்பு. அதற்குத் தனி அனுமதி வேண்டும்: எந்த டேட்டா, எந்தக் காலத்தது, கம்பெனி பெயரை மறைக்க வேண்டுமா, வெளியிடுமுன் யார் படித்து ஒப்புதல் தருவார் என்று எழுத்தில். முடிந்த ஆய்வேடு சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறிவிடும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பேட்டன்ட் எடுக்கும் எண்ணம் இருந்தால், கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்புமுன் தற்காலிக விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். முழு விவரக்குறிப்புக்கு அதிலிருந்து 12 மாதம் கிடைக்கும். கட்டுரை முந்திக்கொண்டால் புதுமை போச்சு.

நூலகத்தில் ஒப்புமைச் சோதனை பார்ப்பவர்:

யுஜிசியின் 2018 விதிமுறைப்படி ஒப்புமை, அதாவது உங்கள் ஆய்வேடு ஏற்கெனவே வெளியான எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு, 10 சதவீதம்வரை பிரச்சினை இல்லை. 10க்கு மேல் 40வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பயப்பட வேண்டாம், 35 என்று வரும் அறிக்கையில் பாதிக்கு மேல் சொந்தக் கட்டுரையாகவே இருப்பதுண்டு. மென்பொருளுக்கு அது உங்களுடையது என்று தெரியாது. மூலப் பட்டியலில் எந்த வரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். சொந்தக் கட்டுரை என்றால் அதை விலக்கக் கோரி, கைடு கையெழுத்திட்ட கடிதம் பல இடங்களில் கேட்பார்கள். மேற்கோள், நூற்பட்டியல், தொடர்ந்து 14 சொல்வரையிலான பொது வாசகங்கள் கணக்கில் வரக் கூடாது. அந்த வடிகட்டிகளைப் போடாமல் எடுத்த அறிக்கையை நம்பாதீர்கள்.

ஜர்னல் விஷயம்: 2022 விதிமுறையில் கட்டுரை கட்டாயம் இல்லை. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் வைத்திருக்கின்றன. ஸ்கோபஸ் (ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளம்) ஜர்னல் கேட்டால், அந்த ஜர்னலின் இணையதளம் சொல்வதை விட்டுவிட்டு, ஸ்கோபஸ் பட்டியலில் அதன் பெயருக்கு நேரே எந்த ஆண்டுவரை என்று போட்டிருக்கிறது எனப் பாருங்கள். பழைய ஆண்டோடு நின்றிருந்தால் பணத்தை அனுப்பாதீர்கள்.

கைடாக இருப்பவர்:

ஒன்று விட்டுப்போச்சு. ஆய்வேடு கொடுத்த ஆறு மாதத்துக்குள் மதிப்பீடு எல்லாம் முடிய வேண்டும் என்பது விதி. இழுப்பதற்குப் பெரிய காரணம் வெளி மதிப்பீட்டாளர்கள், குறைந்தது இருவர். பட்டியலில் உள்ள மின்னஞ்சல் முகவரி பழசாக இருக்கும், ஆள் வேறு பல்கலைக்கழகம் போயிருப்பார், கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும். அந்தப் பட்டியல் மாணவர் கண்ணில் படக் கூடாதது, அதனால் பெயர்களைக் கேட்காதீர்கள். சினாப்சிஸ் (ஆய்வேட்டுக்கு முன் தரும் சுருக்கம்) கொடுக்கும்போதே, 'சார், முகவரியெல்லாம் ஒருமுறை சரிபார்த்துடுங்க' என்று கைடிடம் சொல்லிவைக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.