திறந்த காருக்கு ஸ்பொய்லர்: இறக்கையா, லிப்பா?

நிலாவெளி: என்ர கூரை திறக்கிற மஸ்டா மியாட்டாவின்ர டிக்கிக்கு எந்த ஸ்பொய்லர் நல்லம், அண்ணாமார்: உயர நிக்கிற இறக்கையோ, விளிம்பில ஒட்டுற சின்ன லிப்போ? ஓட்டம் ரவுனுக்குள்ளயும் கடற்கரைப் பக்கமும்தான்.

உப்புவெளி: லிப், தம்பி. ஸ்பொய்லர் காரைக் கீழ அமத்துற விசை வேகத்தின்ர வர்க்கத்தோட ஏறும்; மணிக்கு 140 கிலோமீற்றரில கிடைக்கிறதில கால்வாசிதான் 70இல. ஹபரணை றோட்டிலயும் சட்டம் 70தான். போர்ஷ் பொக்ஸ்டர் ஸ்போர்ட்ஸ் காரே 120 வந்தாப்பிறகுதான் தன்ர ஸ்பொய்லரை எழுப்பும். கூரையைத் திறந்தா இன்னும் மோசம்: முன்கண்ணாடிக்கு மேலால வாற காற்று குழம்பித்தான் டிக்கிக்கு வரும். அதுக்குள்ள நிக்கிற இறக்கை வெறும் வடிவுக்கு.

உவர்மலை: ஒட்ட முதல் வெறுமனே வைச்சுப் பாருங்கோ. இழுத்து அமத்தினாத்தான் பொருந்துதெண்டா அந்த லிப் வேண்டாம். வெயிலில ரெண்டு முனையும் கிளம்பும். பொருந்தினா மாஸ்கிங் டேப்பால அடையாளம் வையுங்கோ. மெழுகை எடுத்திட்டு, ஐசோபுரோப்பைல் அல்கஹோலும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து துடையுங்கோ. பிறகு விரல் படக்கூடாது. ரெட்டைப்பக்க டேப்பின்ர தாளை முனைகளில 5 சென்ரிமீற்றர் மட்டும் உரிச்சு வெளியால மடியுங்கோ. நேராக்கினாப்பிறகு மிச்சத்தை மெல்ல இழுத்து, நீளத்துக்கும் அமத்துங்கோ. விடியக்காலையில, நிழலில செய்யிற வேலை இது. தகடு கொதிக்கேக்க பசை இளகி லிப் வழுக்கும். 72 மணித்தியாலத்துக்குக் கழுவாதேங்கோ. புதுப் பெயின்ட் எண்டா முதல்ல நல்லாக் காயட்டும், இல்லாட்டி பெயின்ரோட சேர்ந்து உரியும்.

சீனக்குடா: துளைச்சுத்தான் பூட்டவேணுமெண்டா கறளை நினைச்சுக்கொள்ளுங்கோ, இஞ்ச எந்தப் பக்கமும் உப்புக்காத்து. ஓட்டையின்ர விளிம்பை அராவி, எபொக்சி பிறைமர் (அடிப்பூச்சு), அதுக்கு மேல ரெண்டு கோட் பெயின்ட். உள்ள விழுந்த இரும்புத்தூளை ஒண்டும் விடாமல் எடுங்கோ. டிக்கிக்குள்ள முதல் கறள் அதிலதான் பிடிக்கும். ஓட்டையால தண்ணி போகாமல் அடைக்க வினாகிரி மணக்கிற சிலிக்கன் தொடவே கூடாது, அந்த அமிலம் தகட்டைத் தின்னும். மணமில்லாத நியூற்றல் வகை கேளுங்கோ. காந்தம் ஒட்டாட்டி அது அலுமினியம் (2015க்குப் பிந்தின மியாட்டா டிக்கி அப்பிடித்தான்). அதில எவர்சில்வர் போல்ட் நேரடியாப் பட்டா அலுமினியம் வெள்ளையாப் பூத்து அரிக்கும். நைலோன் வாசர் போடுங்கோ.

உப்புவெளி: ஒண்டு விட்டுட்டன். திறந்த காரில மூண்டாவது பிறேக் லைட் டிக்கியிலதான் இருக்கும், லிப் அதை மறைக்கக்கூடாது. பாரமான பைபர்கிளாஸ் போட்டா டிக்கி மேல நிக்காமல் தலையில விழும். மெல்லிய ஏபிஎஸ் பிளாஸ்ரிக் எடுங்கோ.

சீனக்குடா: துளைச்சாக்கள் சிலிக்கன் காய்ஞ்சபிறகு ஒரு வாளி தண்ணி மேலால ஊத்தி, டிக்கிக் கார்ப்பெட்டுக்குக் கீழ கைவைச்சுப் பாருங்கோ.