“இங்கே இதன் பொருள்…”: ஆதரவற்ற மூன்று பிள்ளைகளின் கதையைத் தமிழில் சொல்லும்போது சிரிப்பு ஏன் கரைந்துபோகிறது?

ஈசூன் (சிங்கப்பூர்) வாசகி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். லெமனி ஸ்னிக்கெட் என்ற புனைபெயரில் டேனியல் ஹேண்ட்லர் எழுதி, 1999 முதல் 2006 வரை 13 நூல்களாக வெளிவந்த ‘எ சீரிஸ் ஆஃப் அன்ஃபார்ச்சுனேட் ஈவென்ட்ஸ்’ வரிசையை, தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகளும் நானும் நூலகத்திலிருந்து ஒவ்வொன்றாக இரவல் பெற்று வாசித்து வருகிறோம். பெற்றோரைத் தீக்குப் பறிகொடுத்த வயலட், கிளௌஸ், சன்னி ஆகிய மூன்று பிள்ளைகளின் சொத்தின்மீது கண் வைத்த கவுன்ட் ஓலாஃப் என்பவன், வேடத்தை மாற்றி மாற்றி அவர்களைத் துரத்துவதுதான் கதை. இவ்வளவு சோகமான கதையைச் சிரித்துக்கொண்டே வாசிக்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம், கதைசொல்லி நடுவில் நிறுத்தி, ‘இந்தச் சொல்லுக்கு இங்கே இதுதான் பொருள்’ என்று விளக்கம் கொடுக்கத் தொடங்குவதும், அந்த விளக்கம் எந்த அகராதியிலும் இல்லாத இடத்துக்குப் போய்ச் சேர்வதும்தான்.

எங்களுடன் வசிக்கும் என் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. பேத்தி விழுந்து விழுந்து சிரிப்பதைக் கண்டு, தமக்கும் கதையைச் சொல்லுமாறு அவர் கேட்டதால், இப்போது ஒவ்வோர் இரவும் நான் வாய்வழியாகவே தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். கதை நகர்கிறது, சொல்விளக்கங்கள் மட்டும் வந்து விழுந்த இடத்திலேயே படுத்துவிடுகின்றன. முதல் நூலின் முதல் அத்தியாயத்தில் பிள்ளைகள் கடற்கரைக்குப் போகும் டிராம் வண்டியை ‘ரிக்கெட்டி’ என்று வருணித்துவிட்டு, உறுதியற்றது, இடிந்து விழக்கூடியது என்பதே இங்கே அதன் பொருள் என்கிறார் கதைசொல்லி. நான் ‘ஆட்டங்கண்ட வண்டி’ என்று சொல்லி விளக்கத்தையும் சொன்னபோது, “ஆட்டங்கண்டது என்று சொன்னாலே விழப்போகிறது என்பது தெரிந்துவிடுகிறதே, பிறகு எதற்கு அதை இழுக்கிறாய்?” என்று அத்தை கேட்டார். பதில் சொல்ல எனக்கு வழியில்லை.

இரண்டாவது சிக்கல் பெரியது. வங்கியில் வேலை செய்யும் திரு. போ கடற்கரைக்கு வந்து, பெற்றோர் மறைந்த செய்தியைச் சொல்லும் இடத்தில், தாம் பயன்படுத்திய ‘பெரிஷ்ட்’ என்ற சொல்லுக்குத் தாமே பொருளும் கூறுகிறார். அந்தச் சொல்லின் பொருள் தங்களுக்குத் தெரியும் என்று கிளௌஸ் சினத்துடன் பதில் சொல்கிறான். தமிழில் அங்கே எந்தச் சொல்லைப் போடுவது? ‘தவறிவிட்டார்கள்’ என்று நான் சொன்னவுடன் என் மகள், “என்ன தவறு செய்தார்கள்?” என்று கேட்டுவிட்டாள். வேடிக்கைக்காகக் கேட்கவில்லை; அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் மாமியார் கேட்டது மிகச் சரியான கேள்வி. ஆங்கிலத்தில் கடினமான சொற்கள் பல இலத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்தவை. அவற்றின் உள்ளே என்ன இருக்கிறதென்று குழந்தையால் எட்டிப் பார்க்க முடியாது. ‘ரிக்கெட்டி’ அந்த வழியில் வந்ததன்று என்றாலும், அதுவும் மூடிய பெட்டிதான். நம்முடைய ‘ஆட்டங்கண்ட’ என்ற தொடரிலோ ஆட்டமும் தெரிகிறது, கண்டதும் தெரிகிறது. ஆகவே, சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், அதே இடத்தில் குழந்தைக்குப் புரியாத வேறொரு தமிழ்ச்சொல்லைத் தேடிப்பிடித்து வையுங்கள். ‘சிதிலமடைந்த வண்டி’ என்று சொல்லிப் பாருங்கள். விளக்கத்துக்கு உடனே ஒரு வேலை கிடைத்துவிடும்.

‘இங்கே’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். இந்த முறை நமக்குப் புதிதன்று. நம்முடைய பழைய உரையாசிரியர்கள் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அது ‘ஈண்டு’, அதாவது இங்கே, இன்ன பொருளில் நின்றது என்று எழுதிக்கொண்டே போவார்கள். அகராதி தரும் பொருள் எல்லா இடத்துக்கும் உரியது. ‘ஈண்டு’ என்று சொல்லித் தரும் பொருள் அந்த ஓர் இடத்துக்கு மட்டுமே உரியது. அந்த ஈண்டுக்குள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதைத்தான் இந்த அமெரிக்க எழுத்தாளர் விளையாட்டாக்கியிருக்கிறார்.

பொருள் சொல்வதுபோல் ஒருவரை இடித்துரைப்பதும் நம்மிடம் உண்டு. ‘பேதைமை என்பதொன்று யாதெனின்’ என்று வள்ளுவர் ஆசிரியரைப்போல் கேட்டுவிட்டு, ‘ஏதங்கொண்டு ஊதியம் போக விடல்’ என்று முடிக்கிறார். கேட்டைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டு ஆதாயத்தைப் போகவிடும் ஒருவனை அந்தக் குறளில் கண்ணாலேயே பார்க்கலாம். நான் வகுப்பில் அதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரித்திருக்கிறார்கள். கலித்தொகையின் 133ஆம் பாடலில் தோழி, ‘ஆற்றுதல் என்பது ஒன்று அலந்தவர்க்கு உதவுதல், போற்றுதல் என்பது புணர்ந்தாரைப் பிரியாமை’ என்று அடுக்கிக்கொண்டே போகிறாள். துயருற்றவர்க்கு உதவுவதே ஆற்றுதல், கூடியவரைப் பிரியாதிருப்பதே போற்றுதல் என்பதைத் தனியாகப் பார்த்தால் நீதிநூல்போல் இருக்கும். காதலியைத் தவிக்க விட்ட தலைவனின் முகத்துக்கு நேரே சொல்லப்படுகிறது என்று தெரிந்தவுடன், ஒவ்வொரு விளக்கமும் அவன் காதைத் திருகுகிறது.

தோ பாயோ மொழிபெயர்ப்பாளர்:

ஐயா கூறியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ‘சிதிலமடைந்த’ என்பதைவிட நம் பிள்ளைகளுக்கு நெருக்கமான கடினச் சொற்கள் இருக்கின்றன. சிங்கப்பூரில் வளரும் பிள்ளைக்கு வீட்டுத் தமிழ் ஒன்று, கடிதத்திலும் அறிவிப்புப் பலகையிலும் காணும் தமிழ் மற்றொன்று. அந்த இரண்டாவது தமிழே அவர்களுக்குப் பாதி அந்நிய மொழி. எனவே அங்கிருந்து சொற்களை எடுத்தால் சிரிப்பும் உடனே வரும், கதைசொல்லியின் உத்தியும் பிடிபடும். நான் என் அண்ணன் பிள்ளைகளுக்காகச் சில எழுதி வைத்திருக்கிறேன்:

‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்’: இங்கே இதன் பொருள், கேட்டுக்கொண்டபடி செய்யாவிட்டால் அபராதம் எவ்வளவு என்பது அடுத்த வரியில் இருக்கிறது என்பதாகும்.

‘மீள்பார்வை’: இங்கே இதன் பொருள், நான் ஒருமுறைகூடப் பார்க்காத பாடத்தை, அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாம் முறையாகப் பார்ப்பது என்பதாகும்.

‘முன்பதிவு’: இங்கே இதன் பொருள், உணவங்காடி நிலையத்தில் மேசைமீது ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டு, அது தன்னைப்போலவே நான்கு பேரை உட்காரவிடாமல் தடுக்கும் என்று நம்பிக் கறிபஃப் வாங்கப் போவது என்பதாகும்.

மூன்றாவதை எழுதும்போது ஒன்றைக் கவனித்தேன். விளக்கம் குட்டையாக இருந்தால் அது துணுக்காகிவிடுகிறது. வினைச்சொல்லை இறுதிவரை ஒளித்து வைத்துக்கொண்டு வாக்கியம் நடந்துகொண்டே இருந்தால்தான் கதைசொல்லியின் குரல் கேட்கிறது. இதில் தமிழுக்கு இயல்பாகவே ஒரு வசதி இருக்கிறது, ஏனென்றால் நம் வாக்கியத்தில் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது.

கைக்குழந்தை சன்னியின் பேச்சையும் விட்டுவிடாதீர்கள். அதே கடற்கரைக் காட்சியில் அவள் ‘காக்!’ என்று ஒரே ஓர் ஒலி எழுப்புகிறாள். மூடுபனியிலிருந்து வெளிப்படும் அந்த மர்ம உருவத்தைப் பாருங்கள் என்பது அதன் பொருளாக இருக்கலாம் என்கிறார் கதைசொல்லி. இதற்கு மொழிபெயர்ப்பே வேண்டியதில்லை. குழந்தையின் மழலைக்கு ஒரு பத்தி அளவு பொருள் சொல்லும் அப்பாயியோ பாட்டியோ இல்லாத தமிழ் வீடு ஏது?

நடுநிசி வாசகன்:

மன்னிக்கவும், நான் சற்று மாறுபடுகிறேன். வேடிக்கையான விளக்கங்களை நாமே புதிதாக எழுதுவது சுகமான பொழுதுபோக்குதான். டிஷ்யூ பொட்டலத்துக்கு நானும் சிரித்தேன். ஆனால் வாசகி கேட்ட இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. என் பார்வையில் இந்த 13 நூல்களுக்கும் சாவி அந்தக் காட்சியில்தான் இருக்கிறது.

கதையில் பொருள் கூறுபவர்கள் இரு வகையினர். திரு. போ போன்ற பெரியவர்கள், பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிப் பொருள் கூறுகிறார்கள்; அவர்கள் தரும் பொருள் அகராதிப்படி சரியாக இருக்கும், அந்த நேரத்துக்குக் கொடுமையாக இருக்கும். கதைசொல்லியும் ஓயாமல் பொருள் கூறுகிறார். ஆனால் அவருடைய பொருள் அகராதியை விட்டு நழுவி, பிள்ளைகள் அப்போது எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதை உண்மையாகச் சொல்லிவிடுகிறது. பெற்றோர் இறந்த செய்தியைக் கொண்டுவந்தவர் சொல்லிலக்கணம் நடத்துவதைக் கண்டு நாம் முதலில் சிரிக்கிறோம், மறுகணமே கிளௌஸின் சினம் நம்முடையதாகிவிடுகிறது. அந்த இடத்தில் வேடிக்கையான சொல்லைத் தேடினால் காட்சியே பாழாகும்.

தொல்காப்பியர் உரியியலில், ‘பொருட்குப் பொருள் தெரியின் அதுவரம் பின்றே’ என்கிறார். ஒரு சொல்லின் பொருளுக்குப் பொருள், அதற்கும் பொருள் என்று தேடிக்கொண்டே போனால் அதற்கு முடிவில்லை. அதே இயலில் ‘உணர்ச்சி வாயில் உணர்வோர் வலித்தே’ என்றும் சொல்லிவிடுகிறார். புரிந்துகொள்ளும் வாயில் கேட்பவரின் ஆற்றலைச் சார்ந்தது. திரு. போவுக்குத் தெரியாமல் போனது இந்த இரண்டாவது நூற்பாதான். தம் எதிரே நிற்பவர்கள் எப்படிப்பட்ட உணர்வோர் என்று அவர் பார்க்கவே இல்லை.

ஆகவே என் பரிந்துரை ‘காலமாகிவிட்டார்கள்’ என்பதே. நாளிதழின் இரங்கல் பக்கத்தில் காணும் சொல் அது; வங்கிக்காரர் வாயில் இயல்பாகப் பொருந்தும். ‘காலமாவது என்றால் இறந்துபோவது’ என்று அவர் விளக்கலாம். ‘காலமாவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும்’ என்று கிளௌஸ் சொல்லலாம். ‘தீயில் மாண்டார்கள்’ என்று சொன்னால் அதற்கு விளக்கம் தேவைப்படாது. ‘இறைவனடி சேர்ந்தார்கள்’ என்றால் அவர் தேவைக்கு மேல் அன்புள்ளவராகிவிடுவார். தீயில் இறந்தவர்களுக்குக் ‘காலமானார்’ என்ற மெத்தென்ற சொல் பொருந்தவில்லையே என்று தோன்றினால், அந்தப் பொருந்தாமையும் அவருடைய குணத்தில் ஒரு பகுதிதான்.

ஈசூன் வாசகி மீண்டும்:

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு முதல் அத்தியாயத்தைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் சொன்னேன். ‘சிதிலமடைந்த வண்டி’க்கு மகள் விளக்கம் கேட்டாள், அத்தை விளக்கம் கொடுத்தார், நான் வாய் திறக்கவே இல்லை. ‘காலமாகிவிட்டார்கள்’ என்ற இடம் வந்தபோது இருவரும் சிரிக்கவில்லை. “அந்த ஆளுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?” என்று மட்டும் அத்தை கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார்.

பிறகு, ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் ஆசையில், ஒன்பதாம் நூலுக்குத் தாவினேன். அதன் ஐந்தாம் அத்தியாயத்தில், முன்பே நடந்தது மறுபடி நடப்பதுபோல் தோன்றும் ‘தேஜா வூ’ என்ற உணர்வுக்குக் கதைசொல்லி விளக்கம் தருகிறார். பக்கத்தைத் திருப்பினால் அதே விளக்கம் மீண்டும் வருகிறது. தமிழாக்கத்தில் எந்தச் சிரமமும் இல்லாத விளக்கம் இது ஒன்றுதான் என்பதால், முதலில் சொன்னதை அதே குரலில், அதே சொற்களில் இரண்டாம் முறையும் சொன்னேன். “இதை இப்போதுதானே சொன்னாய்? தூக்கம் வந்தால் போய்ப் படு” என்றார் அத்தை. மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு அடங்குவதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று. காரணம் தெரியாமலேயே அத்தையும் கூடச் சிரித்தார்.

அடுத்து மூன்றாம் நூல் காத்திருக்கிறது. அதில் இலக்கணப் பித்துப் பிடித்த ஜோசஃபின் அத்தை, வேண்டுமென்றே பிழைகளோடு எழுதி வைத்த கடிதத்திலிருந்து கிளௌஸ் ஒரு குகையின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். ல, ள, ழ மூன்றையும் இடம் மாற்றிப் போட்டு ஒரு கடிதம் எழுதலாமென்று நினைக்கிறேன். குகைக்கு மட்டும் இன்னும் பெயர் அமையவில்லை. யாருக்கேனும் தோன்றினால் இங்கே எழுதுங்கள்.