கிணற்று உறையைக் கடலில் இறக்குமுன்

காரைக்குடியிலிருந்து:

கிணற்று உறை வார்ப்பது எங்கள் குடும்பத் தொழில். கடலடியில் மீன் தங்கிப் பெருகச் செயற்கை மீன் உறைவிடம் அமைக்க நம் கடலோரத்தில் முக்கோணக் கான்கிரீட் கூடுகளோடு இந்த உறைகளையும் இறக்குவது உண்டு. தொண்டிப் பக்கத்திலிருந்து அப்படி ஒரு விசாரணை வந்தது. இடம் பார்க்கப் போனவர்களோடு நானும் நாட்டுப்படகில் ஏறினேன்.

படகுக்கார அண்ணன் முதலில் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கினார். மேலே வந்தபோது அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறச் சேறு. பிறகு மூங்கில் கழியை ஊன்றிக் காட்டினார். சிரமமே இல்லாமல் ஒரு முழம் உள்ளே போய்விட்டது. நான்கு பேர் சேர்ந்து தூக்கும் உறை இந்தச் சேற்றில் எத்தனை மழைக்காலம் தலைகாட்டும்? வடக்கே கொஞ்சம் தள்ளிப் போட்டபோது குண்டோடு பச்சை இழைகள் வந்தன. கடற்புல்.

“இது ஆவுளியா, அதான் கடற்பசு, மேய்கிற இடம் தம்பி. இங்கே கல்லைப் போட்டால் சங்கத்தில் சொல்லிவிடுவேன்” என்றார்.

கடற்பசுவுக்காக 2022இல் அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோடு முடிந்துவிடுகிறதே என்று கூட வந்த ஒருவர் வாதாடினார். எல்லைக்கு வெளியே என்றாலும் புல் புல்தானே! பாக் விரிகுடா ஆழமில்லாத கடல்; வெயில் தரைவரை இறங்குவதால்தான் அந்தப் புல்லே இருக்கிறது. அதன் மேல் கான்கிரீட்டை வைத்துவிட்டு மீன் வளர்க்கிறோம் என்றால் என்ன கணக்கு?

தேவகோட்டையிலிருந்து:

எங்கள் பழைய வளவு வீட்டைப் பாகம் பிரித்து ஒரு பகுதியை இடித்தபோது, “இடிபாட்டைக் கடலில் தட்டிவிடலாம் ஆச்சி, மீனுக்கு வீடாகும், புண்ணியம்” என்றார் ஒப்பந்தக்காரர். லாரி வாடகையை மிச்சம் பிடிக்கப் புண்ணியத்தைத் துணைக்கு அழைக்கிறார்! அந்தக் குவியலில் பழைய பெயின்ட் உரிந்த இரும்புத் தூண், மின்கம்பி, பிளாஸ்டிக் குழாய் எல்லாம் கிடந்தன. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். சுண்ணாம்புத் தூள் கலங்கிப் படிந்தால் அடியில் ஒட்டி வாழும் உயிர்கள் மூச்சு முட்டும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1970களில் இதே நல்லெண்ணத்தோடுதான் சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டிப் போட்டார்கள். கட்டுகள் அறுந்து, டயர்கள் உருண்டு, பக்கத்திலிருந்த இயற்கைப் பவளப்பாறையையே உரசிச் சிதைத்தன. அதை அள்ள ராணுவ முக்குளிப்பாளர்களை இறக்க வேண்டியிருந்தது.

தொண்டியிலிருந்து:

உறை வார்ப்பவருக்கு ஒன்று சொல்கிறேன். சேறும் புல்லும் இல்லாத கெட்டித் தரை கிடைத்தாலும் அவசரப்பட வேண்டாம். உறைவிடம் போட்டவுடன் மீன் சேரும், எல்லோரும் கைதட்டுவார்கள். புதிதாகப் பெருகிய மீனா, சுற்றுவட்டாரத்திலிருந்து வந்து கூடியதா என்பது அப்போது தெரியாது. கூடியது மட்டும் என்றால், ஒரே இடத்தில் வைத்து அள்ளித் தீர்க்க வழி செய்து கொடுத்ததாகிவிடும். போடுவதற்கு முன்பே வாடைக்காற்றுக் காலத்திலும் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்திலும் அங்கே என்ன மீன், எவ்வளவு என்று எடுத்து வைக்க வேண்டும். எதுவும் போடாத இன்னொரு இடத்தையும் அதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

வலை விஷயம் தனி. எங்கள் நண்டு வலை கல்லில் மாட்டினால் அறுத்துவிட்டு வருவதைத் தவிர வழியில்லை. அறுந்த நைலான் வலை கேட்பாரின்றி மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே கிடக்கும். அதை யார், எந்தக் காசில் எடுப்பார்கள் என்று திட்டத்தில் எழுதியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு உறைக்கு விலை சொல்லுங்கள்.